சைக்கிள் சுத்துன ஆளும் கடல் நீந்துன வக்கீலும்

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, விடிஞ்சும் விடியாத நேரம். கிழக்குக் கடற்கரையில ஓர் இடத்துல கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு "நமக்கு ஏன்டா இந்த வேலை"ன்னு யோசிச்சிட்டு இருந்தேன். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், உடனே 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்குனதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இதுக்கு அரை தூர ட்ரையத்லான்னு பேரு. முழு தூரம்னா எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்குங்க. ஆணி புடுங்குற இடத்துல பக்கத்து சீட்டு ஆளு முடிச்சிட்டு மெடலோட வந்தாரு. அதைப் பார்த்து ஆர்வக்கோளாறுல நானும் பணம் கட்டிட்டேன். வேற காரணம் எதுவும் இல்லீங்க.

தருமபுரிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கெல்லாம் நீச்சல் கத்துக்கிட்டது கிணத்துல. இடுப்புல கயிறைக் கட்டி, மேல அப்பா பிடிச்சுக்க, உள்ள தூக்கிப் போட்டா நீச்சல் தானா வந்துடும். கிணத்துல ஒரு வசதி, நாலு கை போட்டா சுவரு வந்துடும், பிடிச்சுக்கலாம். கடல்ல சுவரு இல்லை. இது எனக்கு முன்னூறு மீட்டர் போன பிறகுதான் உறைச்சது.

சைக்கிள் பயிற்சி ஊர்லயே பண்ணேன். தருமபுரி பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து பென்னாகரம் வழியா ஒகேனக்கல் போய்த் திரும்பினா 90 கிலோமீட்டர் ஆயிடும், கணக்கு சரியா இருக்கும். போறப்ப கடைசியில இறக்கம், ஜாலி. அதே இறக்கம் திரும்பி வர்றப்ப ஏத்தம், கண்ணுல பூச்சி பறக்கும். (இந்தப் பென்னாகரம் வட்டத்துலதான் பாப்பாரப்பட்டி இருக்கு. சிறையில தொழுநோய் வாங்கிக்கிட்டு வந்த சுப்பிரமணிய சிவாவை ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளைக்கார சர்க்கார் தடுத்தது. அவரு நடந்தும் மாட்டு வண்டியிலயுமா ஊர் ஊராப் போய்ப் பேசிட்டு, 1925 ஜூலை 23 அன்னிக்கு பாப்பாரப்பட்டியில கண்ணை மூடினாரு. அதுக்குத் தனிப் பதிவு போடணும்.)

சரி, போட்டி. நீச்சல்ல கடைசிக் கூட்டத்துல கரை ஏறினேன். சைக்கிள்ல எதிர்காத்து. ஓட்டத்துல பன்னிரண்டாவது கிலோமீட்டர்ல தொடை பிடிச்சுக்கிச்சு, அதுக்கப்புறம் நடைதான். நான் போய்ச் சேர்ந்தப்ப நேரம் முடிஞ்சு இருபது நிமிஷம் ஆயிருந்தது. பந்தலைப் பிரிச்சிட்டு இருந்தாங்க. ஒரு பையன் ரெண்டு வாழைப்பழம் குடுத்தான். மெடல் இல்லை. என் மேலதான் தப்பு, யாரையும் குறை சொல்றதுக்கு இல்லை.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன்.

"முடிச்சியாப்பா?"

"முடிச்சேம்பா, ஆனா லேட்டு. கணக்குல வராது."

"முடிச்சிருந்தா எவ்வளவு குடுப்பாங்க?"

"குடுக்க மாட்டாங்கப்பா, நாமதான் கட்டணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாரு: "நம்மூருக்கு சைக்கிள் சுத்த வருவாங்களே, அவங்களுக்குக் கூட ஊர்ல பணம் குடுத்தோம்."

இந்த ஒரு வரியிலதான் மாட்டிக்கிட்டேன். அன்னிலேர்ந்து இந்த விஷயத்தையே தோண்டிட்டு இருக்கேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எழுபது, எண்பதுகள்ல கிராமத்துல இருந்தவங்களுக்கு சைக்கிள் சுத்துற ஆளைத் தெரியாம இருக்காது. பள்ளிக்கூடத்து மைதானத்துலயோ கோயில் முன்னாலயோ நடுவுல ஒரு கம்பம், குழல் விளக்கு, மைக் செட்டு. ஒருத்தர் சைக்கிள்ல ஏறுனா அஞ்சு நாளோ ஏழு நாளோ காலைத் தரையில வைக்காம சுத்துவாரு. சாப்பாடு, பல் விளக்குறது, குளியல், சட்டை மாத்துறது எல்லாம் சைக்கிள் மேலயே. சாயங்காலம் ரெக்கார்டு டான்ஸு, நெஞ்சுல ட்யூப்லைட் உடைக்கிறது, தலைமுடியில காரைக் கட்டி இழுக்குறது. கடைசி நாள் சட்டை நிறைய ரூபா நோட்டைக் குத்தி விட்டு அனுப்புவாங்க. அப்பா பையனா இருந்தப்ப ஒரு ரூபா குத்திட்டு வந்து, தாத்தாகிட்ட உதை வாங்கியிருக்காரு.

அப்பா சொன்னதுல எனக்கு மறக்காதது வேற. ஒருநாள் ராத்திரி மூணு மணிக்குக் கரண்டு வந்துச்சுன்னு வயலுக்குத் தண்ணி கட்டப் போயிருக்காரு. மைதானத்துல மைக் செட் நின்னுபோச்சு. வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லை. சைக்கிள்காரரு பொண்டாட்டி குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்குது. அந்த மனுஷன் இறங்கிப் படுத்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? தலை தொங்கிட்டே இருக்கு, ஆனா சைக்கிள் சுத்திக்கிட்டே இருந்துச்சாம்.

இவரை மாதிரி ஆளுங்க பேரெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. ஆனா இதே வேலையைச் செஞ்சு கின்னஸ் புத்தகத்துல ஏறுன ஒரு தமிழர் இருக்காரு. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். நம்ம ஈழத்து நண்பர்களுக்கு "ஆழிக்குமரன் ஆனந்தன்"னு சொன்னா சட்டுன்னு புரியும். தொழில் வக்கீல்.

வல்வெட்டித்துறை சாதாரண ஊர் இல்லை. கப்பல் கட்டின ஊர். அங்க கட்டுன அன்னபூரணிங்கற பாய்க்கப்பல், ஓர் அமெரிக்கர் வாங்கினதுக்கு அப்புறம், 1938-ல அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. அந்தக் கரையிலேர்ந்து பாக் ஜலசந்தியை நீந்துறதுங்கறது அங்கத்துப் பிள்ளைங்களுக்கு ரொம்ப நாள் கனவு. 1954-ல முருகுப்பிள்ளை நவரத்தினசாமி அங்கேர்ந்து நம்ம கோடியக்கரைக்கு நீந்தி வந்தாரு. 1966 ஏப்ரல்ல வங்காளத்து மிஹிர் சென் தலைமன்னார்லேர்ந்து தனுஷ்கோடிக்கு நீந்தினாரு. அதுவும் ஒரு நாளுக்கு மேல ஆன நீச்சல்தான்.

1971-ல ஆனந்தன் செஞ்சது இதுக்கெல்லாம் மேல. வல்வெட்டித்துறையில இறங்கி கோடியக்கரைக்கு வந்து, அங்கேர்ந்து திரும்பவும் நீந்தியே ஊருக்குப் போனாரு. மொத்தம் 51 மணி நேரம். ரெண்டு ராத்திரிக்கு மேல தண்ணியிலயே. ஜெல்லி மீன், கடல் பாம்பு, நீரோட்டம். நான் ஒரு மணி நேரத்துக்கே உப்புத் தண்ணியில நாக்கு வீங்கிக் கெடந்தேன். 51 மணி நேரம்ங்கறதை எனக்குக் கற்பனை பண்ணக்கூட வரலை.

அதோட நிறுத்தியிருந்தா அவரு வெறும் நீச்சல் வீரர். மனுஷன் நிறுத்தலை. 1979 மே 2-ம் தேதி கொழும்பு விகாரமகாதேவி பூங்காவுல சைக்கிள்ல ஏறினாரு. பூங்காவைச் சுத்திச் சுத்தி வந்து இறங்குனது மே 10-ம் தேதி. 187 மணி 28 நிமிஷம். நம்மூரு சைக்கிள்காரரு வேலையேதான், ஆனா நேரம் குறிச்சு, சாட்சி வெச்சு. முழு தூர அயர்ன்மேன் போட்டியை முடிக்க இன்னிக்குப் பொதுவாக் குடுக்குற மொத்த நேரம் 17 மணி. 187-ஐ 17-ஆல வகுத்துப் பாருங்க. பதினொண்ணு வருது. (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்த வகுத்தலாவது உபயோகப்படுதே!)

1980 மே மாசம் ஒத்தைக் கால்ல 33 மணி நேரம் நின்னாரு. இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. ரெண்டே வருஷத்துல, 1982 ஏப்ரல்ல, இந்தச் சாதனையை முந்தினவரு காவிரிக்கு அந்தப் பக்கம் சத்தியமங்கலத்துல இருந்த என். ரவி. 34 மணி நேரம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில ஒத்தைக் கால்ல நிக்கிற முனிவரைச் செதுக்கி, கீழயே அதே மாதிரி நிக்கிற பூனையையும் செதுக்கினாங்க பாருங்க, அந்தச் சிற்பி இவங்களைப் பார்த்திருந்தா எந்தப் பக்கம் சேர்த்திருப்பாரோ!

சிரிக்கத் தோணும். எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. "இதெல்லாம் ஒரு விளையாட்டா"ன்னு. ஆனா அதே சமயத்துல உலகத்தோட இன்னொரு மூலையில என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

1974 செப்டம்பர்ல கலிபோர்னியாவோட சான் டியாகோவுல ஓடி, சைக்கிள் விட்டு, நீந்துற ஒரு போட்டி நடந்துச்சு. 46 பேரு. அதுல கலந்துக்கிட்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவரு மனைவி ஜூடியும் அப்புறம் ஹவாய்க்குக் குடிபோனாங்க. அங்க ஒரு விழாவுல "ஓடுறவன் பலசாலியா, நீந்துறவன் பலசாலியா"ன்னு வாக்குவாதம். காலின்ஸ் நடுவுல பூந்து, சைக்கிள் வீரன் எட்டி மெர்க்ஸையும் இழுத்துவிட்டு, ஊர்ல ஏற்கனவே தனித்தனியா இருந்த மூணு பந்தயத்தையும் ஒரே நாள்ல செஞ்சு பார்ப்போம்னாரு. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.195 கிலோமீட்டர் மாரத்தான். எந்த உடற்பயிற்சி விஞ்ஞானமும் இல்லை. டீக்கடை சண்டை மாதிரி ஒரு சண்டையில பொறந்த கணக்கு இது!

1978 பிப்ரவரி 18. ஓவாஹு தீவு. கிளம்புனது 15 பேரு, முடிச்சது 12. முதல்ல வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் 58 வினாடி. சாப்பாடு, தண்ணி எல்லாம் அவங்கவங்க ஆளே கொண்டு வரணும். ரெண்டாவது வந்த ஜான் டன்பாரோட கூட வந்தவங்ககிட்ட தண்ணி தீர்ந்துபோய், பீரைக் குடுத்து ஓட விட்டாங்க. நம்மூரு சைக்கிள்காரருக்குக் கீழேர்ந்து சொம்புல தண்ணி குடுத்த பொண்டாட்டி இதை விட உருப்படியா வேலை பாத்திருக்கு.

அன்னிக்குப் பார்த்தவங்களுக்கு இந்தப் பதினஞ்சு பேரும் கிறுக்கனுங்கதான். அதை மாத்தினது டிவி. 1982 பிப்ரவரியில ஜூலி மாஸ்ங்கற கல்லூரிப் பொண்ணு, தன்னோட படிப்பு ஆராய்ச்சிக்காக வந்து கலந்துக்கிச்சு. பெண்கள்ல முதல் ஆளா வந்துக்கிட்டு இருக்கறப்போ, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்துல கால் மடங்கி விழுந்துடுச்சு. எழுந்தது, திரும்ப விழுந்தது. கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் ஜெயிச்சுட்டாங்க. ஜூலி கையை ஊனித் தவழ்ந்தே 29 வினாடி கழிச்சு கோட்டைத் தொட்டாங்க. ஏபிசி தொலைக்காட்சி அதை அமெரிக்கா முழுக்கக் காட்டுச்சு. அதுக்கப்புறம் போட்டிக்குக் கூட்டம், ஸ்பான்சர், ஊர் ஊருக்குப் போட்டி. 2000-ல சிட்னியில குறைஞ்ச தூரத்துல ஒலிம்பிக்லயே சேர்த்துட்டாங்க. 2019-ல கோவாவுக்கும் அயர்ன்மேன் அரை தூரப் போட்டி வந்துடுச்சு.

அதாவது, ஆனந்தன் கொழும்புல சைக்கிள் சுத்துனப்போ அயர்ன்மேனுக்கு வயசு ஒண்ணு. ரெண்டும் ஒரே ஜாதிக் கிறுக்குத்தனம். ஒண்ணுக்குக் கேமரா கெடைச்சது, மெடல் கெடைச்சது, என்னை மாதிரி ஆளுங்க பணம் கட்டி வரிசையில நிக்கிறோம். இன்னொண்ணு "வித்தை காட்டுறவன்"ங்கற பேரோட செத்துப்போச்சு. எனக்கு இதுல ஆனந்தனை விட அந்த ராத்திரி மூணு மணி ஆளை நினைச்சாத்தான் வருத்தமா இருக்கு.

ஆனந்தனுக்கு மிச்சம் இருந்தது ஆங்கிலக் கால்வாய். டோவர்லேர்ந்து பிரான்ஸ் கரைக்கு நேர்கோட்டுல சுமார் 33 கிலோமீட்டர். 1875-ல மேத்யூ வெப் 21 மணி 45 நிமிஷத்துல முதல்முதலா நீந்தினது. 51 மணி நேரம் நீந்துன ஆளுக்கு இது என்னன்னு தோணும். ஆனா பாக் ஜலசந்தித் தண்ணி நம்ம வெதுவெதுப்பான தண்ணி. கால்வாய்ல ஆகஸ்ட்லயே 16, 18 டிகிரிதான். காத்தை விடத் தண்ணி இருபது மடங்குக்கு மேல வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பு சூடா இருக்கணும்னா கையை வேகமாப் போடணும். கை வேகமாப் போடணும்னா உடம்புல சூடு இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணும் குறைஞ்சு, உள்சூடு 35 டிகிரிக்குக் கீழ போனா புத்தி தடுமாற ஆரம்பிச்சிடும். கால்வாய் விதிப்படி சூடு காக்குற ரப்பர் உடை கிடையாது. சாதா நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்புல தடவிக்க கிரீஸ். கூட வர்ற படகைத் தொட்டாலே ஆட்டம் காலி.

1984 ஆகஸ்ட் 6 அன்னிக்கு அந்தக் கால்வாயை நீந்துற முயற்சியிலயே ஆனந்தன் இறந்து போனாரு. வயசு 41.

சரியாப் பத்து வருஷம் கழிச்சு, 1994-ல, நம்ம குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயசுல அதே கால்வாயை நீந்தினான். அந்த ஏப்ரல்ல பாக் ஜலசந்தி, அதே வருஷத்துல மொத்தம் ஆறு நீரிணைப்பு. மிஹிர் சென்னோட அஞ்சைத் தாண்டியாச்சு. 1996-ல அர்ஜுனா விருது வந்துச்சு. செலவைத் தாங்க ஆள் வரலை. நீச்சலை விட்டுட்டு இன்ஜினியரிங் படிக்கப் போயிட்டாரு. நாங்கெல்லாம் இன்ஜினியரிங் படிச்சிட்டு நீந்தப் போறோம், அவரு தலைகீழா.

இதையெல்லாம் போன வாரம் அப்பாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். முழுசும் கேட்டாரு. ஆனந்தன் கதை முடிஞ்சதும், "அந்த வக்கீலுக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. தெரியலப்பான்னேன்.

"நீ மறுபடி பணம் கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்பா."

திட்டு விழும்னு பார்த்தேன். "கிணத்துல இந்த வருஷம் தண்ணி நிக்குது. படிக்கட்டுப் பாசியை வழிச்சு வெக்கிறேன், வா"ன்னு வெச்சிட்டாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர்லேர்ந்து பஸ்ஸு. கயிறும் எடுத்து வெச்சிருக்கேன்னு அம்மா சொல்றாங்க, அதை நான் நம்பத் தயாரா இல்லை.