களாப்பழமும் மணப்பாகும்

புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் மணற்கரையிலும், மேற்கே செங்கல்பட்டை நோக்கி விரியும் முட்புதர்க் காட்டிலும் சிறு பழங்களுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. பெருங்களா, சிறுகளா, சூரை, இலந்தை, காரை, நாவல் எல்லாம் மழை குறைந்த மணலிலும் செம்மண்ணிலும் தாமாகவே வளர்பவை. கடற்கரை நாவலின் பழமை நற்றிணையிலேயே தெரிகிறது. மணலில் உதிர்ந்த கரிய நாவற்பழத்தைத் தன் இனமென்று எண்ணித் தும்பி மொய்க்கிறது; அந்தத் தும்பியைப் பழமென்று எண்ணி நண்டு பிடிக்கிறது. நெய்தல் நிலத்தை நேரில் பார்த்த கண்ணுக்கே இப்படி ஒரு காட்சி வாய்க்கும்.

இந்தப் பழங்களைச் சேமித்து வைக்க இவ்வட்டாரம் முதலில் நம்பியது உப்பையும் வெயிலையும்தான். கேளம்பாக்கத்திலும் செய்யூரிலும் உப்பளங்கள் உண்டு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. களா காயாக இருக்கும்போதே பறிக்கப்பட்டு ஊறுகாயானது. இலந்தைப்பழத்தை மிளகாய், உப்பு, புளி, வெல்லத்தோடு இடித்துத் தட்டிக் காயவைத்தால் இலந்தை வடை. அதில் வெல்லம் உண்டு, ஆனால் அடுப்பு இல்லை. பனை நிறைந்த இக்கரையில் கோடையில் பதநீர் காய்ச்சி எடுத்த பனைவெல்லமும் வீட்டிலிருந்தது. பாகின் பதம் பார்க்கத் தெரிந்த கைகளும் இருந்தன. அந்தப் பாகு அதிரசத்துக்கும் பொரிவிளங்காய் உருண்டைக்கும் போனது. களாவும் நாவலும் புதரடியிலும் மரத்தடியிலுமே தின்று தீர்ந்தன. பழச்சாற்றையும் பாகையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைப்பது சமையல்கட்டின் வழக்கமாக இல்லை.

அதைச் செய்தவர் வைத்தியர். சித்த மருத்துவம் வகுத்த 32 அகமருந்துகளில் மணப்பாகு ஒன்று, தேனூறல் இன்னொன்று. நெல்லிக்காயையோ இஞ்சியையோ தேனில் ஊறவைப்பது தேனூறல். பழச்சாற்றிலோ மூலிகைக் குடிநீரிலோ சர்க்கரை சேர்த்து, நல்ல மணம் எழும்வரை காய்ச்சி இறக்குவது மணப்பாகு. பதம் வந்ததை மூக்கே சொல்லிவிடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. மாதுளைச் சாற்றில் செய்த மணப்பாகு பித்தத்துக்கும் கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுக்கப்பட்டது. அதில் தேனும் பன்னீரும் சேரும் முறை யுனானி சர்பத்தை நினைவூட்டுகிறது; இரு மருத்துவ மரபுகளும் பல காலம் அருகருகே வாழ்ந்ததன் தடமாக அதைக் கொள்ளலாம். சாறு அன்றே கெடும், மணப்பாகு ஆறு மாதம் நிற்கும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. சர்க்கரை பழத்தைக் காக்கும் என்ற அறிவு இங்கே புதிதல்ல. அது மருந்துப் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான். 1944இல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலை புறப்படும் திருவான்மியூரில் இருந்துகொண்டு மாதுளை மணப்பாகை இன்றும் மருந்தாகவே விற்கிறது.

சாப்பாட்டு மேசைக்குப் பழப்பாகைக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர். புதுப்பட்டினத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி மெல்லிய துணி வாங்கிய டச்சுக்காரர்கள், 1825இல் அவ்வூரை ஆங்கிலேயரிடம் விட்டு நீங்கினார்கள். ஆங்கிலேயர் தம் ஊரில் சிவந்த கரண்ட் பழத்தின் ஜெல்லியை இறைச்சியோடும் இனிப்போடும் உண்டு பழகியவர்கள். அந்தச் செடி சென்னை வெயிலைத் தாங்காது. அதற்கு ஈடாக அவர்கள் கண்டது களாவையும், சீமைப் புளிச்சையின் சிவந்த சதைப்பற்றான புல்லியையும். 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தப் புளிச்சையிலிருந்து அருமையான ஜெல்லி கிடைக்கும் என்று குறிப்பிடுகிறது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி சென்னைச் சமையலுக்கென்று எழுதிய நூலை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. கப்பலில் வரும் டப்பா உணவையே நம்பியிருப்பதை அவர் கடிந்தார். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலை 1840களிலேயே சர்க்கரை எடுக்கத் தொடங்கியிருந்ததால், வெள்ளைச் சர்க்கரை எட்டாப் பொருளாக இல்லை.

விடுதலைக்குப் பிறகு ஜாம், ஜெல்லி செய்வது தொழிற்சாலையின் வேலையாயிற்று. 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, ஜாம், ஜெல்லி செய்து விற்போர் உரிமம் பெற வேண்டும் என்றது. களா அப்போதும் காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறியது. பேக்கரி கேக்கின் மேல் இருக்கும் சிவப்புச் ‘செர்ரி’களில் பலவும் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய்களே. உள்ளூர்ப் பழம் தன் பெயரில் அந்த இடத்தைப் பெறாதது வருத்தமான செய்தி.

ஐஸ்கிரீமுக்கும் புட்டிங்குக்கும் மேலே ஊற்றும் பழப்பாகை வீட்டில் செய்யக் களாவே சிறந்தது. காரணம், சாற்றைக் கெட்டியாக்கும் அதன் பெக்டின். நன்றாகக் கறுத்துச் சிவந்த பழங்களை எடுத்து, காம்பில் கசியும் பால் போக உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பழம் மூழ்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்றி, வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து, விதை நீங்க வடிகட்ட வேண்டும். பிறகு சர்க்கரை. கம்பிப் பதத்துக்கு முன்பே, கரண்டியின் முதுகில் மெல்லப் படியும் நிலையில் இறக்கினால் ஊற்றத்தக்க பாகு. அதற்கு மேல் கொதித்தால் ஆறியதும் ஜெல்லியாக உறைந்துவிடும். நாவலில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் துவர்ப்பு அதிகம். எலுமிச்சைச் சாறு அதைச் சரிசெய்யும். இரும்புச் சட்டி இரண்டுக்குமே ஆகாது. பழத்தின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நிறத்தைக் கருக்கிவிடும். சர்க்கரை குறைவான இந்தப் பாகு ஜாம் போல் அலமாரியில் நிற்காது. குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்ப்பதே முறை.

நாவல் இன்றும் ஆனி, ஆடியில் கடற்கரைச் சாலையோரம் குவியல் குவியலாக விற்பனைக்கு வருகிறது. களாவின் நிலை அப்படியல்ல. முள் அடர்ந்த அந்தச் செடி ஒரு காலத்தில் தோட்டங்களுக்கு உயிர்வேலி. கம்பி வேலியும் சுற்றுச்சுவரும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. மனைப்பிரிவுகளுக்காகப் புதர்க்காடும் அழிந்தது. எஞ்சியிருப்பவை கோயிற்காடுகளிலும் காப்புக்காடுகளின் ஓரங்களிலும்தான் மிகுதி. விதையிலிருந்து வளர்த்தாலும் மூன்றாம் ஆண்டு வாக்கில் களா காய்க்கத் தொடங்கிவிடும். வேரூன்றிய பின் தண்ணீர் அதிகம் கேட்காது.