புரூக்ஸ் தோல் இருக்கை

மிதிவண்டிக்கான புரூக்ஸ் தோல் இருக்கை, இங்கிலாந்தின் பர்மிங்காமில் குதிரைச் சேணத் தொழிலிலிருந்து பிறந்தது. ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866ஆம் ஆண்டு அங்கு தோல்பொருள் தொழிலைத் தொடங்கினார். 1878இல் தம் குதிரை இறந்துவிட, இரவல் மிதிவண்டியில் சென்றார் என்றும், அதன் இருக்கை தந்த வலியே புதியது செய்யத் தூண்டியது என்றும் கூறுவர். சேணம் செய்பவருக்கு அந்த வலி பொறுக்கவில்லை போலும். 1882இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இவ்விருக்கையில் மெத்தை இல்லை. தாவரச் சாற்றால் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல், உலோகச் சட்டத்தின் முன்னும் பின்னும் பிணைக்கப்பட்டுத் தூளிபோல் இழுபட்டு நிற்கும். தோலை நீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தியே வடிவம் தருகின்றனர். அதே நீர்தான் பின்னர் அதற்குப் பகை. மழையில் நனைந்த இருக்கையில் அமர்ந்து ஓட்டினால் தோல் தொய்ந்து உருக்குலையும். அடுப்பருகில் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் உலரவிட வேண்டும்.

புதிய இருக்கை பலகைபோல் கடினமாயிருக்கும். பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின்னரே ஓட்டுபவரின் இடுப்பெலும்புக்கு ஏற்பக் குழிவு விழும். ஆகவே ஒருவருக்குப் பழகியது மற்றவருக்குப் பொருந்துவது அரிது. பொறுமையின்றி எண்ணெயில் ஊறவைப்போர் உண்டு. தோல் விரைவில் இளகும், ஆயுளும் குறையும். மெழுகு கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவினால் போதும். முன்முனையின் அடியிலுள்ள திருகாணி, நாளடைவில் தொய்ந்த தோலை இழுப்பதற்கு மட்டுமே. புதிய இருக்கையில் அதைத் தொடவேண்டியதில்லை.