கோதாவரி கடலடியில் எழுதிய சுவடி

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை எழுதத் தெரிந்தவர்களும், எழுதுவிக்க வல்லவர்களும் விட்டுச் சென்றவை. ஏர் பிடித்தவனும் ஆடு மேய்த்தவனும் தம்மைப்பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை என்றே நாம் எண்ணி வந்துள்ளோம். ஆயினும் அவர்கள் உழுத நிலத்தின் மண் ஆற்றோடு சென்று, கடலின் அடியில் ஏடு ஏடாகப் படிந்திருக்கிறது.

கோதாவரியை எடுத்துக்கொள்வோம். நாசிக்குக்கு அருகே திரியம்பகத்தில் பிறந்து, ஏறத்தாழ 1,465 கிலோமீட்டர் ஓடி, ஆந்திரக் கரையில் வங்கக் கடலில் கலக்கிறது இந்த ஆறு. அதன் மேற்பகுதி தக்காணத்தின் கரிய எரிமலைப் பாறைகள்மீது ஓடுகிறது. கீழ்ப்பகுதியோ அவற்றினும் மிகத் தொன்மையான பாறைகளைக் கடந்து வருகிறது. ஆகவே, கடல் சேர்ந்த வண்டலைக் கொண்டே அது எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கூறிவிட இயலும்.

2006ஆம் ஆண்டில் ‘ஜாய்டீஸ் ரெசல்யூஷன்’ என்னும் துளையிடும் கப்பல், உறைந்து கிடக்கும் மீத்தேன் படிவங்களைத் தேடி இந்தியக் கடற்பகுதியில் ஆய்வு நடத்தியது. கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால், 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடலடிச் சேற்றைக் குழாயில் அடைத்து மேலே கொண்டுவந்தது. எரிபொருள் தேடிச் சென்றவர்களின் கையில் வரலாற்றுச் சுவடி ஒன்று அகப்பட்டது. அதன் மேற்பகுதியிலுள்ள சில மீட்டர் சேற்றில் 10,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அடங்கியிருந்தது.

அச்சுவடியைப் படிக்கும் முறையும் வியப்புக்குரியது. சேற்றில் கலந்துள்ள நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அது படிந்த காலத்தைச் சொல்கின்றன. இலைகளின்மேல் படர்ந்திருந்த மெழுகு, அன்று எத்தகைய செடிகொடிகள் செழித்தன எனக் காட்டுகிறது. நியோடிமியம் என்னும் தனிமம் மண்ணின் தாய்ப்பாறையை அடையாளம் காட்டுகிறது.

2012இலும் 2017இலும் வெளிவந்த ஆய்வுகள் கூறும் செய்தி இது: ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை நலியத் தொடங்கியது, வறண்ட நிலத்துத் தாவரங்கள் பரவின. மழை குறைந்தால் ஆறு சுமந்து வரும் மண்ணும் குறையும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ நேர்மாறானது. பசும்போர்வை மெலிந்தபோது மண்ணைப் பற்றி நிறுத்த வேர்கள் இல்லை. பருவத்தில் கொட்டிய மழை, நெடுங்காலம் நிலத்துக்குள் கிடந்த பழைய மண்ணையும் அரித்துக்கொண்டு போயிற்று.

இயற்கை தொடங்கிய இவ்வரிப்பைப் பின்னர் மனிதன் விரைவுபடுத்தினான். கோதாவரியின் கிளையாறான பிரவரையின் கரையில் தைமாபாத், ஜோர்வே போன்ற உழவர் குடியிருப்புகள் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் இருந்தன. இரும்புக் காலத்தில் உழவு மேலும் பெருகியது. அம்மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. மழை நலிந்த காலத்தில் பிழைக்க வழி தேடியவர்கள் அவர்கள். தம் நிலத்து மண் எங்கே போகிறது என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. நமக்கு உண்டு.

இன்று ஆற்றின் குறுக்கே அணைகள் நிற்கின்றன. கடலுக்குச் சென்ற வண்டல், 1970களில் இருந்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக 1990களில் குறைந்துவிட்டது. கழிமுகக் கரையை அலை அரிக்கிறது. மேட்டு நிலம் இழந்த மண் அணைக்குள் தேங்குகிறது. பள்ளத்து நிலமோ அம்மண் கிடைக்காமல் தேய்கிறது.

நம் காலத்துக்குரிய ஏடும் அக்கடலடியில் படிந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் நம் பெயர்கள் இரா. நாம் மண்ணைக் காத்த விதம் மட்டுமே இருக்கும். வரப்போரத்து மரத்தின்மேல் கோடரியை ஓங்குமுன் அந்த ஏட்டைச் சற்றே நினைத்துக்கொள்வோம்.