பி.ஏ ஆங்கில இலக்கியம் படிக்கலாமா? என்ன சொல்லித் தர்றாங்க, என்ன வேலை கிடைக்கும்? முழு விவரம்

மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, தாம்பரம் பக்கம் பிளஸ் 2 முடிக்கிற பிள்ளைகளிடம் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த இன்ஜினியரிங்?" என்பதுதான். சுற்றிலும் தொழிற்சாலைகள், பக்கத்திலேயே மகேந்திரா சிட்டி. அதனால் அந்தக் கேள்வியில் ஆச்சரியம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மாணவர் "நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கப் போறேன்" என்றால், அடுத்த கேள்வி உடனே வரும்: "அதைப் படிச்சா என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். மூன்று வருஷமும் கல்லூரிக் கட்டணமும் சும்மா இல்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன இருக்கு, யாருக்குப் பொருந்தும், எங்கே கவனமா இருக்கணும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸா?

இல்லை. பலர் இந்தப் படிப்பில் சேரும் காரணமே "இங்கிலீஷ் நல்லா பேச வரும்" என்பதுதான். மூன்று வருஷம் ஆங்கிலத்திலேயே படித்து, எழுதி, செமினார் எடுத்தால் பேச்சும் கண்டிப்பா மேம்படும். ஆனால் வகுப்பில் சொல்லித் தருவது பேச்சு இல்லை, இலக்கியம். தமிழ் இலக்கியம் படிப்பவர் சங்கப் பாடல், காப்பியம், இலக்கணம், நாவல் என்று படிப்பது போலவே, இங்கே ஆங்கிலத்தில் கவிதை, நாடகம், நாவல், விமர்சனம் என்று படிக்கணும்.

பேச மட்டும் கற்றுக்கொள்ளணும் என்றால் அதற்கு மூன்று வருஷம் தேவையில்லை. கதை, கவிதை படிக்கவே பிடிக்காத ஒருவருக்கு இந்தப் படிப்பு இரண்டாவது செமஸ்டரிலேயே சலித்துவிடும்.

மூன்று வருஷம் என்ன படிக்கணும்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.ஏ படிப்பு மொத்தம் 6 செமஸ்டர். பாடங்கள் ஐந்து பகுதிகளாக இருக்கும்:

• பகுதி 1: தமிழ் அல்லது வேறொரு மொழி
• பகுதி 2: பொது ஆங்கிலம்
• பகுதி 3: முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும். ஆங்கில இலக்கியம் வருவது இங்கேதான்
• பகுதி 4: சுற்றுச்சூழல் கல்வி, திறன் சார்ந்த பாடங்கள், விருப்பப் பாடங்கள்
• பகுதி 5: என்.எஸ்.எஸ், என்.சி.சி போன்ற செயல்பாடுகள்

மேஜர் பாடத்தில் பிரிட்டிஷ் இலக்கியம், ஷேக்ஸ்பியர், அமெரிக்க இலக்கியம், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, பெண்கள் எழுத்து, காலனி ஆதிக்கத்துக்குப் பிந்தைய இலக்கியம், மொழியியல், இலக்கிய விமர்சனம் எல்லாம் வரும். இதழியல், மொழிபெயர்ப்பு, சினிமா, ஆங்கிலம் கற்பிக்கும் முறை போன்றவை கல்லூரியைப் பொறுத்து மாறும்.

பரீட்சையில் வெறும் கதைச்சுருக்கம் எழுதினால் மார்க் வராது. ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது, கதை சொல்பவரை எவ்வளவு நம்பலாம், அந்தக் காலத்துச் சமூகம் அந்தக் கதைக்குள் எப்படி வந்திருக்கு என்று வாதம் வைத்து எழுதணும். இந்தப் படிப்பு தரும் உண்மையான திறமை இதுதான். நீளமான ஒன்றைப் படித்து, புரிந்து, தன் கருத்தை ஆதாரத்தோடு எழுதுவது.

எழுத்தாளர் ஆகக் கற்றுத் தருவாங்களா?

படைப்பெழுத்து என்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு பேப்பராகத்தான் இருக்கும், தனிப் பட்டமாக இருப்பது அரிது. வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-ல் படைப்பெழுத்துக்கு எம்.ஏ ஆரம்பித்தது. 2017-ல் இலக்கிய நோபல் பெற்ற கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர்தான்.

இங்கே இருந்தபடியே படிக்க விரும்பினால், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்துக்கு டிப்ளமோ வழங்குகிறது. ஆனால் கல்லூரியில் சேர்ந்தால் எழுத்தாளர் ஆகிவிடலாம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நிறையப் படிக்க வைப்பாங்க, எழுதினதைத் திருத்துவாங்க. மற்றது உங்க கையில்.

தாம்பரத்துக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு?

ஆங்கில இலக்கியம் தனிப் பாடமாக ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது 1894-ல், கேம்பிரிட்ஜில் 1917-ல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாகிவிட்டார்கள். ஆங்கிலேய ஆட்சிக்கு அது ஒரு நிர்வாகக் கருவியாகவும் இருந்தது என்பதை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இன்றைய மாணவர்கள் அந்த விமர்சனத்தையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

1837-ல் தொடங்கிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. இங்கே ஆங்கிலத் துறையில் பேராசிரியராக இருந்த நிர்மல் செல்வமணி, நம்ம திணைக் கோட்பாட்டை இலக்கிய விமர்சன முறையாக ஆங்கிலத் துறைக்குள் கொண்டுவந்தவர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளியில் படித்ததை வைத்து உலக இலக்கியத்தையும் சுற்றுச்சூழலையும் பேச முடியும் என்று காட்டினார். அதனால் தமிழ் வழியில் படித்தவர் இந்தத் துறைக்கு வெறும் கையோடு போவதில்லை.

தனித்தமிழ் அடிகளும் ஆங்கிலமும்

மறைமலை நகரின் பெயரில் இருப்பவர் மறைமலை அடிகள் (1876–1950). வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டு, 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். இதே கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தபோது அங்கே தமிழ் ஆசிரியராகப் பணியாற்றினார்.

பலருக்குத் தெரியாத விஷயம், அவர் ஆங்கிலத்தை ஆழமாகப் படித்தவர். ஆங்கிலத்தில் இதழ் நடத்தியிருக்கிறார். அவருடைய 'குமுதவல்லி' நாவல், ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதையைத் தழுவி எழுதப்பட்டது. ஆங்கில இலக்கியம் படிச்சா தமிழ் போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு அவரே பதில்.

அவர் மட்டும் இல்லை. 1968-ல் தமிழ்க் கவிதைக்காக சாகித்ய அகாடமி விருது பெற்ற அ. சீனிவாச ராகவன் ஆங்கிலப் பேராசிரியர். பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்று நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்.

என்ன வேலை கிடைக்கும்?

1. பள்ளி ஆசிரியர்: பி.ஏ-வுக்குப் பிறகு 2 வருஷ பி.எட் முடிக்கணும். பி.எட் சேர பட்டப்படிப்பில் பொதுவாக 50% மதிப்பெண் தேவை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக டெட் தாள் 2 பாஸ் செய்யணும். அதோடு முடியாது. டி.ஆர்.பி நடத்தும் நியமனத் தேர்வையும் எழுதணும். அதில் தமிழ் தகுதித் தாள் உண்டு, குறைந்தது 40% எடுக்கணும்.

2. கல்லூரி ஆசிரியர்: எம்.ஏ-வில் 55% மதிப்பெண், அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லாவிட்டால் பிஎச்.டி. இது நீண்ட பாதை. வீட்டில் உடனடியாக வருமானம் தேவை என்றால் முன்கூட்டியே திட்டமிடணும்.

3. அரசுப் போட்டித் தேர்வுகள்: டி.என்.பி.எஸ்.சி குரூப் 1, குரூப் 2 பணிகளில் பெரும்பாலானவற்றுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். யு.பி.எஸ்.சி-யில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

4. ஊடகம், பதிப்பகம், விளம்பரம்: சப் எடிட்டர், காப்பி எடிட்டர், விளம்பர வாசகம் எழுதுபவர், சப்டைட்டில் எழுதுபவர். இங்கே பட்டத்தைவிட நீங்க எழுதிய மாதிரிகளைத்தான் முதலில் கேட்பாங்க.

5. நிறுவனங்கள்: மென்பொருள் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது, பயிற்சிப் பாடங்கள் தயாரிப்பது, மனிதவளம், வாடிக்கையாளர் சேவை. ஓ.எம்.ஆர் ஐ.டி நிறுவனங்களில் இந்த மாதிரி வேலைகள் உண்டு.

6. மொழிபெயர்ப்பு: தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே நல்லா தெரிந்தவர்களுக்கான இடம். பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. அந்தப் பரிசின் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் அதைப் பெற்றார்கள். ஆனால் இலக்கிய மொழிபெயர்ப்பு மட்டும் மாதச் சம்பளம் தராது. இன்னொரு வேலையோடு சேர்த்துச் செய்பவர்கள்தான் அதிகம்.

ஏ.ஐ வந்த பிறகு இதுக்கு மதிப்பு இருக்கா?

சாதாரணமான விளம்பரக் குறிப்பு, மின்னஞ்சல், எளிய கட்டுரை எல்லாம் இப்போது ஏ.ஐ சில நொடிகளில் எழுதித் தருகிறது. "ஓரளவு இங்கிலீஷ் எழுதுவேன்" என்பதை மட்டும் நம்பி வேலை தேடினால் கஷ்டம்தான். ஆனால் எழுதியது சரியா, உண்மையா, படிப்பவருக்குப் பொருந்துமா என்று பார்த்துத் திருத்த ஆள் வேணும். அதற்கு நிறையப் படித்த கண் தேவை. பட்டத்தோடு கூடவே எடிட்டிங், டேட்டா, வீடியோ போன்ற ஏதாவது ஒரு திறமையைக் கற்றுக்கொள்வது பாதுகாப்பு.

எங்கே படிக்கலாம்?

செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயில் பாதையிலேயே பல வாய்ப்புகள் இருக்கு:

• பொத்தேரி: எஸ்.ஆர்.எம்
• தாம்பரம்: சென்னை கிறிஸ்தவக் கல்லூரி
• குரோம்பேட்டை: எஸ்.டி.என்.பி வைஷ்ணவ மகளிர் கல்லூரி
• மீனம்பாக்கம்: ஏ.எம். ஜெயின் கல்லூரி

அரசு கலைக் கல்லூரிகளுக்கு உயர்கல்வித் துறையின் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கணும். கவனிக்க: அரசுக் கல்லூரியில் பி.ஏ ஆங்கிலத்துக்குத் தனி தரவரிசைப் பட்டியல். பிளஸ் 2 ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்து அது தயாராகிறது. மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் ஆங்கிலத்தில் நல்ல மார்க் இருந்தால் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

நேரடியாகக் கல்லூரி போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோவிலும் இந்தப் படிப்பு உண்டு.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

ஒன்று, இது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே கல்லூரியில் ஒரே படிப்பு இரண்டு பிரிவிலும் இருக்கலாம். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

இரண்டு, பட்டத்தின் பெயர் என்ன? வெறும் 'ஆங்கிலம்' என்றில்லாமல் கூடுதல் பெயரோடு வரும் பட்டங்களுக்கு, ஆசிரியர் பணியின்போது இணைத்தன்மை அரசாணை கேட்பாங்க. அந்த ஆணை இருக்கா என்று சேரும்போதே கேளுங்க.

மூன்று, தமிழ் வழிக்கான 20% இட ஒதுக்கீடு என்னாகும்? பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட அரசுப் பணிகளில் இந்தச் சலுகை பெற, பள்ளிப் படிப்போடு பட்டத்தையும் தமிழ் வழியில் படித்திருக்கணும். ஆங்கில இலக்கியம் ஆங்கில வழிப் படிப்பு என்பதால் அங்கே இது கைவிட்டுப் போகும். 10-ம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பணிகளில், 10-ம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள் கேட்கலாம். அரசு வேலைதான் இலக்கு என்றால் இதை யோசித்து முடிவெடுங்க.

நான்கு, உதவித்தொகை உண்டா? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கலைப் படிப்புகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ் மீடியம் மாணவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் வருஷம் கஷ்டமா இருக்கும். வகுப்பு முழுக்க ஆங்கிலம், பக்கத்தில் கான்வென்ட் மாணவர்கள் சரளமாகப் பேசுவாங்க. பேச்சு வேகத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, பரீட்சை எழுத்தில்தான். தினம் 10 பக்கம் எளிய ஆங்கிலக் கதை, ஒரு செய்தித்தாள் தலையங்கம், அரைப் பக்கம் சொந்தமாக எழுதுவது. சேருவதற்கு முன்பான விடுமுறையிலேயே இதைத் தொடங்கினால் முதல் செமஸ்டர் எளிதாகும்.

அப்படித் தினம் படிப்பது ஒரு மாதத்துக்குப் பிறகும் பிடித்திருந்தால் தைரியமா சேரலாம். பத்தாவது நாளே சுமையாகத் தெரிந்தால், விண்ணப்பத்தில் வேறு பாடத்தையும் சேர்த்து வையுங்க.