வணிக விதிகளின் இருப்பிடம்
பின்தள மென்பொருளில் கட்டணம், சலுகை, தகுதி போன்றவற்றைத் தீர்மானிக்கும் விதிகளை எந்த அடுக்கில் எழுதுவது என்னும் வடிவமைப்புத் தேர்வு. 2022 மார்ச் 6 அன்று திறக்கப்பட்ட புனே மெட்ரோ தடத்தின் கசார்வாடி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்க்குக் கட்டணத்தில் 30 விழுக்காடு சலுகை உண்டு. பயணச்சீட்டு கவுன்ட்டரிலும் கிடைக்கும், செயலியிலும் கிடைக்கும். சலுகை விதியை ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதினால், அது மாறும் நாளில் ஓரிடம் விடுபட்டு, ஒரே பயணத்துக்கு இரு கட்டணம் வரும். தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து இயக்கும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜரில் வைத்தால் விதி ஓரிடத்தில் இருக்கும். ஆனால் சோதிப்பதும் வேறு தரவுத்தளத்துக்கு மாறுவதும் கடினம். மென்பொருள் வடிவமைப்பு எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் விவரித்த வழிகளுள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயல்முறை எழுதும் டிரான்சாக்‌ஷன் ஸ்கிரிப்ட் எளிய விதிகளுக்குப் போதும். விதிகள் ஒன்றோடொன்று பின்னும் இடத்தில் தரவையும் அதன் விதிகளையும் ஒரே பொருளில் சேர்த்து வைக்கும் டொமைன் மாடலே தாங்கும். ஒரே சீட்டெண் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் கட்டுப்பாடு மட்டும் தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும்.