டிப்பரரியும் கில்கென்னியும்: ஹர்லிங் ஆட்டத்தின் அண்டை வீட்டுப் பகை

அயர்லாந்தின் பழமையான மட்டையாட்டம் ஹர்லிங். அணிக்கு 15 பேர். வலைக்குள் பந்தை அடித்தால் ஒரு கோல், அதாவது 3 புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி. ஆடுவோருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் சொந்த ஊருக்காகவே ஆடுகிறார்கள். பகை ஆழமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பேன்.

கேலிக் விளையாட்டுக் கழகம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரியின் தர்லஸ் நகரில் ஒரு விடுதியில் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் மைக்கேல் குசாக், ஓர் ஆசிரியர். (ஆசிரியனாக இருந்த எனக்கு இதில் சிறு பெருமை உண்டு.) ஆனால் கணக்குகளையும் கடிதங்களையும் சரிவரக் கவனிக்கவில்லை என்று 1886-லேயே அவரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள்!

1887-ஆம் ஆண்டுக்கான முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் 1888 ஏப்ரல் 1 அன்றுதான் நடந்தது. டிப்பரரி சார்பில் ஆடிய தர்லஸ் அணி கால்வேயை வென்றது.

டிப்பரரிக்குத் துயரமும் உண்டு. 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் டிப்பரரியும் டப்ளினும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி பகைக்கு வருவோம். டிப்பரரியும் கில்கென்னியும் எல்லையைப் பகிரும் கவுண்டிகள். ஆயினும் முன்னது மன்ஸ்டர் மாகாணம், பின்னது லென்ஸ்டர். எனவே மாகாணப் போட்டிகளில் மோதுவதில்லை. அகில அயர்லாந்துக் கட்டத்தில்தான் சந்திப்பு. 1922 இறுதி ஆட்டத்தில் டிப்பரரியை வென்ற கில்கென்னி, சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் அதை மீண்டும் வெல்ல 1967 வரை காத்திருந்தது. 45 ஆண்டுகள்! தோற்றதைப் பார்த்த சிறுவர்கள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. கில்கென்னி 2006 முதல் தொடர்ந்து கோப்பை வென்றது. 2009-இல் டிப்பரரியைத் தோற்கடித்து நான்காவதையும் எடுத்தது. எந்தக் கவுண்டியும் ஹர்லிங்கில் தொடர்ந்து ஐந்து முறை வென்றதில்லை. 2010 இறுதி ஆட்டத்தில் அந்தச் சாதனையை மறிக்க எதிரே நின்றது மறுபடியும் டிப்பரரிதான். லார் கார்பெட் 3 கோல்கள் அடித்தார். டிப்பரரி 4 கோல் 17 புள்ளி, கில்கென்னி 1 கோல் 18 புள்ளி.