ஒரே மண், இரு வடிவம்

தில்லி மாநகரில் வாழும் தமிழன்பர்களுக்கு நிஜாமுதீன் நாற்சந்தியில் நிற்கும் ஸப்ஸ் புர்ஜ் புதியதன்று. பெயரின் பொருள் 'பச்சைக் கோபுரம்'. குவிமாடத்தின் நிறமோ நீலம். முகலாயர் காலத்தில் மண்டபங்களை அணிசெய்த அந்த மெருகோட்டுத் தொழிலை அறிந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் மிக அருகிவிட்டனர். அவ்வேளையில் அத்தொழிலுக்கு மனத்தைப் பறிகொடுத்த இளைஞர் ஒருவரைப் பற்றி இங்குக் கூற விழைகிறோம்.

அவர் சர்தார் குருசரண் சிங்; நிலவியல் பயின்ற பட்டதாரி. தில்லியில் அப்துல்லா என்னும் பட்டாணியக் குயவரிடம் நீல மெருகின் சிறப்பைக் கண்டார். 1919ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று மட்பாண்டத் தொழில்நுட்பம் கற்றார். அங்கே பெர்னார்டு லீச், ஹமாதா, யனாகி முதலியோரின் நட்பு வாய்த்தது. பெயரறியாத குயவன் அன்றாடப் புழக்கத்திற்குச் செய்த கிண்ணத்திலும் உயர்ந்த அழகு உண்டு என்பது அந்நண்பர் குழாம் பின்னர் உலகுக்கு எடுத்துரைத்த கொள்கை. 1922இல் தாயகம் திரும்பிய குருசரண் சிங், அரசுப் பணியாற்றியபின், 1952இல் 'டெல்லி புளூ பாட்டரி' என்ற தொழிற்கூடத்தை நிறுவினார்.

அவர் எதிர்கொண்ட இடர் சிறியதன்று. மெருகற்ற மண் குவளை நீரை உறிஞ்சும் இயல்புடையது. எனவே ஒருமுறை பருகியதும் அதை எறிந்துவிடுவது வடநாட்டு வழக்கம். ஏறத்தாழ 1,250 பாகை வெப்பத்தில் சுடப்பெறும் கல்மண் பாண்டமோ இறுகிப்போய் நீரை ஏற்காது. கழுவிக் கழுவிப் பல்லாண்டு ஆளலாம். ஆயினும் பித்தளையும் எவர்சில்வரும் ஆட்சி செய்யும் அடுக்களையில் அதற்கு இடம் கிடைப்பது எளிதா? கோப்பை, கூஜா, பூச்சாடி, சாளர ஜாலி என்று மக்கள் எடுத்தாளும் பொருள்களையே அவர் அழகுறச் செய்தார். 1995இல் அவர் மறைந்தபோது, சூளையின் முன் அமர்ந்து தொழில் பயின்ற படித்த தலைமுறையொன்று உருவாகியிருந்தது.

இனி, தெற்கே நோக்குவோம். 1971இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டச் சாலையைத் தொடங்கினர். ஜப்பானில் தொழில் பயின்ற டெபோரா, உண்கலங்களின் ஆக்கத்தை முன்னின்று நடத்தினார். மீக்கரோ பேருருவச் சிற்பங்களிலும் கருத்தைச் செலுத்தினார். பச்சை மண்கல்லால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீமூட்டினார் அவர். மழைக்குக் கரையாத வீடும் கிடைக்கும். உள்ளே வெந்த கல்லின் விலையால் விறகுச் செலவும் ஓரளவு ஈடாகும் என்பது எண்ணம். அம்முறை எங்கும் பரவிவிடவில்லை. எனினும், குடியிருக்கும் வீடும் சுட்ட கலமே என்ற உண்மையை அது கண்முன் நிறுத்திற்று.

அரசாங்கக் கோப்புகளில் 'கலை' என்றும் 'கைவினை' என்றும் இருவேறு சொற்களை இட்டு மொழிபெயர்ப்பது நமக்கு அன்றாட அலுவல். ஒன்றுக்கு விருதும் காட்சிக்கூடமும். மற்றதற்கு மானியமும் சந்தையும். சொல்லில் நாம் இடும் அக்கோடு, தொழிலாளியின் கூலியிலும் மதிப்பிலும் போய் விழுகிறது.

நம் ஊர் வேளாரை நினைத்துப் பாருங்கள். பொங்கல் பானை வனையும் கையே அய்யனார் குதிரையையும் எழுப்புகிறது. அதன் கால்களையும் வயிற்றையும் உள்ளீடற்றவையாகச் செய்து, சூட்டில் வெடியாதபடி ஆவி வெளியேற வழி விடுகிறார். பானையின் கணக்கறிந்தவருக்கே குதிரையின் கணக்கு கைகூடும். தில்லிக் குருசரண் சிங் ஜப்பான் வரை சென்று தேடிய ஒருமை, அவ்வேளாரின் முற்றத்தில் இயல்பாய் இருந்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஊர் எல்லையில் நிற்கும் குதிரையை வியந்து வணங்குகிறோம். அடுத்த தெருவில் அதே கை வனைந்த சட்டிக்கு நான்கு காசு குறைத்துப் பேரம் பேசுகிறோம். இனியேனும் அந்தப் பேரத்தை விடுவோமா?